ஒரு படித் தவிடும் ஒரு சம்மதமும்

1

உங்களில் தவிட்டுக்கு வாங்கப்படாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் கிடையாது. சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளினால் போதும், "உன்னைத் தவிட்டுக்குத்தானடி வாங்கினோம்" என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள். நான் அதை நம்பி ஒரு நாள் பூராவும் அழுதிருக்கிறேன். தம்பியிடமும் அதையே சொல்கிறாள், எதிர்வீட்டு அக்காவும் தன் பிள்ளைகளிடம் அதையே சொல்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் நெஞ்சு ஆறியது. அத்தனை பிள்ளைகளையும் தவிட்டுக்கு வாங்கியிருந்தால் ஊர் மாடுகள் எதைத் தின்றன என்று கேட்க அப்போது புத்தியில்லை.

மலேசியாவில் இந்தக் கோல சிலாங்கூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இங்கே எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளை நாங்கள் உண்மையாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினோம். ஒரு படி. செகிஞ்சான் அரிசி ஆலைக்கு என் கணவரே போய் வாங்கிவந்த நல்ல தவிடு. பெயர் கீர்த்தனா, வீட்டில் கூப்பிடுவது தவுடு. இந்த ஆடியோடு அவள் என் மடிக்கு வந்து ஆறு வருடம் முடிகிறது. அதை முன்னிட்டு ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நம் அம்மாக்கள் விளையாட்டாகச் சொன்னதை ஒரு குடும்பம் நிஜமாகச் செய்துவிட்டு, அதை அரசாங்க அதிகாரியிடமும் போய் ஒளிக்காமல் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற விஷயம்.

2

என் கணவர் சரவணன் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடைபோட்டு அனுப்புகிற கிராணி, நம் ஊர் பாஷையில் குமாஸ்தா. நல்ல மனிதர். வீட்டிலும் எதையும் எடைபோட்டுத்தான் பேசுவார். அவர் எடைபோட்டு முடிப்பதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். அவருக்கு ஒரே தங்கை, மல்லிகா. கட்டிக்கொடுத்த இடம் சுங்கை பஞ்சாங், வயல்காட்டுப் பக்கம். அவள் கணவன் ராஜு நெல் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். அவர்களுக்கு மூன்று பையன்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் ஏறி இறங்கிய கிளினிக்குகளையும் கோயில்களையும் எழுதி உங்களை அழவைக்க மாட்டேன். நானே அழுது முடித்துவிட்டேன். மல்லிகா நாலாவது முறை உண்டாகியிருந்தபோது ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இது ஒங்களுக்கு."

"எது, வெங்காயமா?" என்றேன்.

கத்தியை வைத்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டி, எந்தப் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிற இந்த ஊர் 'லா'வோடு சொன்னாள். "ரொம்ப யோசிக்காதீங்க லா. எனக்குத்தான் மூணு இருக்கே. இதுவும் பையனாத்தான் இருக்கப் போவுது."

பெண்ணாகப் பிறந்தது. ஒரு பெண்குழந்தைக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "என்னா பாக்கறீங்க? சொன்னா சொன்னதுதான்," என்றாள்.

இரண்டாம் கட்டை என்ற தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்துக் கொடுத்தாள். அண்ணனும் தங்கையும் பிறந்து வளர்ந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். இப்போது லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். கோயிலை மட்டும் நம் ஆட்கள் விடவில்லை. அங்கே பிள்ளை கொடுக்க ஒரு முறை உண்டு. பெற்றவள் பிள்ளையை அம்மன் காலடியில் போட வேண்டும். வாங்குகிறவள் பெற்றவள் மடியில் ஒரு படித் தவிட்டைக் கொட்டிவிட்டு, பிள்ளையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உடனே பூசாரி பெற்றவளிடம் இது யார் பிள்ளை என்று கேட்பார், நீ யார் என்றும் கேட்பார்.

"ரேவதி அண்ணி புள்ள," என்றாள் மல்லிகா. "நான் அத்தை."

அவள் குரல் நடுங்கவில்லை.

பூசாரி ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். தவிட்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். என்றைக்காவது பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவளும் அதை மடியில் ஏந்திக்கொண்டால், பிள்ளை பெற்றவளுக்கே திரும்பிவிடும். நம் பக்கத்திலும் இப்படித்தானே. பிள்ளை தங்காத வீட்டில் பேருக்குத் தவிட்டுக்கு விற்பார்கள், பிறகு தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். மல்லிகா கோயில் வாசலிலேயே பூசாரியின் மாட்டுக்கு அதைப் போட்டாள். மாடு தின்று முடிக்கும்வரை நான் கிளம்பாமல் நின்று பார்த்தேன். பத்திரம் எழுதுகிறவர் மகள் வேறு எப்படி இருப்பாள்.

3

பட்டுக்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் அப்பாவுக்கு ஒரு மேசை இருந்தது. கிரயம், அடமானம், செட்டில்மென்ட் எல்லாம் எழுதுவார். அதிகம் எழுதியது விடுதலைப் பத்திரம். அப்பன் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுப்பது. 'என் முழு மனதுடனும் சுயநினைவுடனும், பிறருடைய தூண்டுதல் ஏதுமின்றியும்' என்ற வரியை, அந்தத் தங்கை பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே அப்பா எழுதி முடித்திருப்பார். தூண்டுதல் அவளுக்குப் பின்னால் வெற்றிலை மென்றபடி நின்றுகொண்டிருக்கும். அவள் வந்து கையெழுத்துப் போடுவாள். தூண்டுதல் அவளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுக்கும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தும், தவுடு விஷயத்தில் பத்திரம் கித்திரம் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டோம். பிறப்புப் பத்திரத்தில் அம்மா மல்லிகா, அப்பா ராஜு. தோட்டத்துக்குத் தெரியும், அம்மனுக்குத் தெரியும், இன்னும் யாருக்குத் தெரிய வேண்டும் என்று என் கணவர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஐந்து வயதில் குடல்வால் வீங்கிவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். அம்மா அப்பா சம்மதம் கேட்டார்கள். நான் கையை நீட்டிப் பேனாவை வாங்கினேன். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருகிற என் சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்தார்கள், குழந்தையின் பத்திரத்தைப் பார்த்தார்கள், பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். ஆனால் வலியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "மா, மா" என்று முனகுகிற குழந்தையை வைத்துக்கொண்டு, சுங்கை பஞ்சாங்கிலிருந்து அவள் அம்மா வரட்டும் என்று காத்திருந்தேன் பாருங்கள், அந்த மாதிரி ஒரு அவமானத்தை நான் அனுபவித்ததே இல்லை. மல்லிகா வந்தாள். செருப்பெல்லாம் வயல்சேறு. ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அறைக்குள்கூட வராமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. ஜெராமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தூரத்து உறவுக்கார அம்மா ஒருத்தி தவுடுவின் கன்னத்தைக் கிள்ளி, "ஒனக்கென்னடி கவல, மூணு அத்த மவன் இருக்கான், எவனக் கட்டிக்கப் போற?" என்றாள். கேலி செய்ய அவளுக்கு முறை உண்டு. பந்தியில் எங்கள் வரிசை முழுக்கச் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மல்லிகா இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடப்பிறந்த மூன்று பேரையும் முறைமாப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறோம் என்பது அந்த ரசச் சோற்றில்தான் எனக்கு உறைத்தது. என் மகளோ பெரிய பையனைக் காட்டி, "ஈயூ, ஹீ டஸன்ட் ஈவன் பாத் லா," என்றாள்.

அன்று காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன், சட்டப்படி செய்துவிடுவோம் என்று. அவர் எடைபோட்டார். கோல சிலாங்கூர் வந்த பிறகு சரி என்றார்.

4

கிள்ளானில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தோம். அவர் சட்டத்தை விளக்க விளக்க, அப்பாவின் மேசைக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

நீதிமன்றம் வழியாகத் தத்தெடுத்தால் பிள்ளை நம் வயிற்றில் பிறந்த மாதிரியே ஆகிவிடும். பெற்றவர்களுக்கு அதன்பிறகு எந்த உரிமையும் இருக்காது. ஆகவே பெற்ற தாய், தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும். சம்மதத்தின் பலன் என்ன என்று புரிந்து சம்மதிக்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக எதையும் கொடுத்திருக்கவோ வாங்கியிருக்கவோ கூடாது. சமூக நல அதிகாரி ஒருவர் எல்லாரையும் நேரில் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். உத்தரவு வரும்வரை பெற்றவர்கள் மனம் மாறினால் அதையும் நீதிமன்றம் கேட்கும்.

"சம்மதமே வாங்காம முடிக்க முடியாதுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"முடியும்," என்றார் வக்கீல். "பெத்தவங்க பிள்ளையை அம்போன்னு விட்டுட்டுப் போயிருக்கணும். இல்ல, எங்க இருக்காங்கன்னே தெரியாம இருக்கணும். உங்க தங்கச்சி எப்படி?"

"வாரா வாரம் மீன் கொண்டுவந்து குடுத்துட்டுப் போவா."

"அதான் கஷ்டம்," என்றார் வக்கீல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன். மல்லிகாவின் சம்மதத்தை ஐந்து வருடத்துக்கு முன்பே பார்த்தவள் நான்.

5

சமூக நல அதிகாரி புவான் ரொஹானா ('புவான்' என்றால் திருமதி) சபாக் பெர்ணம் பக்கத்து மலாய்க்காரப் பெண், ஜாவா வம்சம். அன்பாகப் பேசுவார், ஆனால் ஒரு கேள்வியையும் விட மாட்டார். விசாரணை மலாயில். மல்லிகாவும் ராஜுவும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார்கள். என் மலாய் சந்தையில் கற்றது. வாங்க, விற்க, பேரம் பேச மட்டும் வரும். அதிகாரி முதலில் தவுடுவைப் பார்த்துப் பேசிவிட்டு, வெளியே பெஞ்சில் வண்ணப் பென்சிலோடு உட்காரவைத்தார்.

அடுத்து ராஜு. அதிகாரி வாய் திறப்பதற்குள், "எங்க சைன் பண்ணணும்?" என்றான். முதலில் கேளுங்கள், பிறகு சம்மதியுங்கள் என்று அவர் சொல்ல, "எனக்கு எதுன்னாலும் சம்மதந்தான் லா, வெளிய லோரி நிக்குது," என்றான். முழு மனது, சுயநினைவு, எல்லாம் சரியாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் அவனுக்குக் கலர் சோடா வாங்கிக்கொடுத்திருப்பார்.

பிறகு மல்லிகா.

"இந்தக் குழந்தைக்குப் பதிலாக நீங்கள் எதையாவது வாங்கினீர்களா?"

"வாங்கினேன்," என்றாள் மல்லிகா.

புவான் ரொஹானாவின் பேனா நின்றது. "யாரிடம்?"

"இவங்ககிட்ட." என்னைக் காட்டினாள். "ஒரு படி தவிடு."

நான் பதறிக்கொண்டு விளக்கப் போனேன். சந்தை மலாயில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'நான் வாங்கினேன், இவள் விற்றாள், தவிடு நல்ல சரக்கு, மாடு தின்றுவிட்டது, இனிமேல் திருப்பித் தர முடியாது.' என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை விற்ற வழக்கில் குடும்பத்தோடு உள்ளே போகப் போகிறோம் என்றே நினைத்தேன். மல்லிகாதான் நிதானமாகக் கோயில், அம்மன், பூசாரி என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

புவான் ரொஹானா முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார். "என் அண்ணன் பிறந்ததும் நோஞ்சானாக இருந்தானாம். என் அம்மா அவனைக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தாள். சொல்லிவைத்த மாதிரி பக்கத்து வீட்டுக்காரி வந்து கண்டெடுத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் வீட்டில் அவன் பெயர் குப்பைதான். வங்கியில் மேனேஜராக இருக்கிறான்."

எங்களிலும் குப்பன், குப்பம்மாள் உண்டு என்று நான் சொன்னேன். தவிடு வெறும் வழக்கம், கூலியல்ல என்று அவர் எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பியது. கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"இந்தக் குழந்தையின் தாயாகிய நீங்கள், அவளை இவர்களுக்குத் தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறீர்களா?"

"நான் தாய் இல்ல," என்றாள் மல்லிகா. "அத்தை."

"பெற்றது நீங்கள்தானே?"

"பெத்தேன். ஆனா புள்ள அண்ணி புள்ள. அவங்க புள்ளைய அவங்களுக்குக் குடுக்க நான் யாரு?"

எவ்வளவோ விதமாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். மல்லிகா மாறவில்லை. கடைசியில் கோப்பை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாய் இல்லை என்று சொல்கிறவரிடமிருந்து தாயின் சம்மதத்தை வாங்க முடியாது, அவர் மறுப்பதாகத்தான் எழுத வேண்டியிருக்கும், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

ஆக, கொடுத்த வாக்கை மீறாதவள் கொடுக்க மறுத்தவள் ஆகிவிட்டாள்.

6

வக்கீலிடம் இன்னொரு வழியும் இருந்தது. காரணமில்லாமல் சம்மதம் மறுக்கிறாள், நியாயமில்லாதவள் என்று நீதிமன்றத்தில் சொல்லலாமாம். நான் கொஞ்சம் சபலப்பட்டது உண்மை. என் கணவர் அன்றைக்கு எடைபோடவே இல்லை. "என் தங்கச்சி நியாயமில்லாதவன்னு நான் எழுதிக் குடுக்கறதா? அதுக்கு ஒரு பேப்பரும் வேணாம், போங்க," என்று எழுந்துவிட்டார்.

நானே சுங்கை பஞ்சாங் போனேன். அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள். மல்லிகா வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பிழிந்து கொடுத்துக்கொண்டே பேச்சை எடுத்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை மல்லிகா. நான்தான் அம்மான்னு சொல்லிடு. அடுத்த நிமிஷம் சம்மதம்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"அம்மன் முன்னால இல்லன்னு சொன்னேனே அண்ணி."

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டியே, அம்மாங்கற எடத்துல?"

"அது கை போட்டது. வாயி சொல்லல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா நான் மறுபடியும் வெளியில நின்னு உனக்குப் போன் பண்ணணுமா? உன் வாய் பெருசா, என் பிள்ளை பெருசா?" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. ராஜுவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். க்ளிப் மாட்டினாள்.

"பயமா இருக்கு அண்ணி," என்றாள். "அம்மன் கண்ணக் குத்தும்னு இல்ல. இத்தன வருசமா உள்ளுக்குள்ளகூட அத்தை, அத்தைன்னே சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். ஒருக்கா வாயால அம்மான்னு சொல்லிட்டேன்னா, மறுபடி அது உள்ள போவாது."

கையில் ஈரத் துணியோடு நின்றேன். கோயிலில் அவளுக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை. சட்டம்தான் முதல்முறையாக அவளைக் கூப்பிட்டு, நீதான் தாய், உனக்கு உரிமை இருக்கிறது என்கிறது. நான் வந்து, அதை எடுத்துக்கொள், எடுத்த கையோடு என்னிடம் கொடுத்துவிடு என்கிறேன். அண்ணன் வீட்டுக்காக வந்து நிற்கிற தூண்டுதல் யார் என்று திரும்பிப் பார்த்தால், நான்தான். வெற்றிலை மட்டும்தான் வாயில் இல்லை.

"வேண்டாம் மல்லிகா, விட்டுடு," என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். அழுகையும் வந்தது.

மீன் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் காலையில் அவளே போன் செய்தாள். "அந்த ஆபீசர் அம்மாகிட்ட தேதி கேளுங்க. ஆனா ஒண்ணு, புள்ளையும் உள்ள இருக்கணும். அவ முதுகுக்குப் பின்னால சொல்ல மாட்டேன்."

7

புவான் ரொஹானாவுக்கு முதலில் விருப்பமில்லை. பிறகு, குழந்தை என் மடியில் உட்கார்ந்திருக்கட்டும் என்றார். கேள்வியைக் கேட்டார். மல்லிகா அவருக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பித் தவுடுவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"நான்தான் உன்னப் பெத்தேன். நான் உன் அம்மா," என்று தமிழில் சொன்னாள். "உங்க அம்மாவுக்குப் புள்ள இல்ல. அதனால உன்ன அவங்களுக்குக் குடுத்தேன். உன்ன வேணாம்னு குடுக்கல."

அதற்குப் பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, தாய் நான்தான், சம்மதம் என்று மலாயில் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் 'அம்மா' என்று சொன்னபோது என் மடியிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்தேன். பொறாமைதான். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் தவுடு கேட்டாள். "மா, அப்ப நெஜம்மாவே தவிட்டுக்கா?"

"ஆமா."

"பாலர் பள்ளியில எல்லாருமே தவிட்டுக்குத்தான்னு சொன்னாங்களே."

"அவங்க அம்மால்லாம் சும்மா சொல்றாங்க. நீ மட்டும்தான் நெஜம்."

மறுநாள் பாலர் பள்ளியில் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள், டீச்சர் போன் செய்தார். அதைக் கேட்ட ராத்திரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

உத்தரவு வரும்வரை நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மனம் மாற மல்லிகாவுக்கு உரிமை உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தாரே. மல்லிகாவின் போன் வந்தாலே அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன். 'அண்ணி, நான் யோசிச்சேன்' என்று ஒரு தடவை ஆரம்பித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டேன். கிழங்கா மீனைவிடக் கானாங்கெளுத்தி குழந்தைக்கு நல்லது என்று யோசித்தாளாம்.

8

நீதிபதி உத்தரவு போட்ட அன்று எல்லாரும் போயிருந்தோம். கோயிலுக்குப் போகிற மாதிரி நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீர்த்தனா சட்டப்படி என் மகளானாள். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

கார் நிறுத்துகிற இடத்தில் மல்லிகா தன் கார் பின்கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். தவிடு.

"செகிஞ்சான் ஆலையிலதான் வாங்கினேன்," என்றாள். "பதிலுக்கு எதுவும் வாங்கியிருக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குல்ல. அதான் திருப்பிக் குடுத்துரலாம்னு."

அவள் முகத்தைப் பார்த்தேன். தவிட்டை மடியில் ஏந்திக்கொண்டால் பிள்ளை பெற்றவளுக்கே திரும்பிவிடும் என்று பூசாரி சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

"கோர்ட்டுல அவ ஒங்க புள்ள. அதுல நான் கைய வைக்க மாட்டேன், சத்தியமா," என்றாள் மெதுவாக. "ஆனா வாயால சொல்லிட்டேன் அண்ணி. சொன்னது பொய்யாப் போவக் கூடாது. ஒங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

என் கையில் நீதிமன்ற உத்தரவு. இனி அவளுக்கு நான் எதுவும் தரத் தேவையில்லை. தரச் சொல்லி என்னைக் கேட்க இந்த நாட்டில் ஒரு அதிகாரியும் இல்லை. இத்தனை மாதமாக எல்லாரும் மல்லிகாவின் சம்மதத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். என் சம்மதத்தை ஒருத்தி கேட்பது இதுதான் முதல் தடவை.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரேவதி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க," என்றேன். "தூண்டுதல் ஆயிடும்."

உத்தரவை அவரிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவை மடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். மல்லிகா பையைச் சாய்த்துக் கொட்டத் தொடங்கினாள்.

தவுடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, எதுக்கு அம்மா புடவையில கொட்டுறீங்க?"

"உன்ன வாங்குறேன்."

"ஏற்கெனவே வாங்கியாச்சு லா," என்றாள் என் மகள். "எத்தன தடவ வாங்குவீங்க?"

மல்லிகா கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு படிக்கு மேலேயே இருந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை.